பிஎஸ்6 வரட்டும்னு பொறுக்கலாமா, இப்போவே ஒண்ணு வாங்கிடலாமா? பெட்டியை விடுங்க, கண்ட்ரோலரைப் பாருங்க

2006, 2013, 2020. இந்த மூணு வருஷத்தையும் வரிசையா எழுதிட்டு பக்கத்துலயே 2027னு எழுதிப் பாக்காத பிளேஸ்டேஷன் (சோனியோட கேம் பெட்டி, சுருக்கமா பிஎஸ்) ரசிகர் யாரும் இப்போ இருக்க மாட்டாங்க. பிஎஸ்3, பிஎஸ்4, பிஎஸ்5 மூணுமே நவம்பர் மாசத்துல, ஏழேழு வருஷ இடைவெளில வந்திருக்கு, அதனால அடுத்ததும் 2027 நவம்பர்தான்னு கணக்கு போட்டு முடிச்சாச்சு, பெட்டி எந்த ஷேப்ல இருக்கும், எத்தனை டெராஃப்ளாப்ஸ் (சிப் கணக்கு போடற வேகம்), கண்ட்ரோலர்ல பின்னாடி பட்டன் வருமா வராதான்னு சண்டையும் ஆரம்பிச்சாச்சு. சண்டை ஜாலியாதான் இருக்கு. ஆனா கையில காசை வச்சுக்கிட்டு பிஎஸ்5 வாங்கலாமா, அதைவிட வேகமான பிஎஸ்5 ப்ரோ வாங்கலாமா, இல்ல பேசாம பொறுத்துக்கலாமான்னு முழிச்சுட்டு இருக்கறவங்களுக்கு இந்தச் சண்டைல எதை எடுத்துக்கணும், எதை விட்டுடணும்ங்கறதுதான் தெரியணும். என்னைக் கேட்டா டெராஃப்ளாப்ஸ் வதந்தியை எல்லாம் ஓரங்கட்டிட்டு கண்ட்ரோலர் வதந்தியை மட்டும் கவனிங்கன்னு சொல்வேன். ஏன்னு கீழ வரேன்.

முதல்ல கம்பெனிக்காரங்களே வாயைத் திறந்து சொன்னது எவ்வளவுன்னு பாத்துடலாம். 2025 அக்டோபர்ல சோனில பிளேஸ்டேஷனை வடிவமைக்கிற மார்க் செர்னியும் சிப் கம்பெனி ஏஎம்டியோட ஜாக் ஹுயினும் சேர்ந்து, ரெண்டு கம்பெனியும் கூட்டா செய்யற ப்ராஜெக்ட் அமெதிஸ்ட் பத்தி ஒரு வீடியோ போட்டாங்க. அதுல மூணு விஷயம் வந்துச்சு. நியூரல் அர்ரேஸ், அதாவது படம் வரையற சிப்பான ஜிபியூக்குள்ள தனித்தனியா வேலை செய்யற கம்ப்யூட் யூனிட்டுங்களை ஒண்ணா கோத்து ஏஐ வேலைக்கு பயன்படுத்தறது. ரேடியன்ஸ் கோர்ஸ், வெளிச்சம் எப்படிப் பட்டுத் தெறிக்கும்னு கணக்கு போடற ரே ட்ரேசிங்குக்குன்னே தனியா ஒதுக்கின ஹார்ட்வேர். மூணாவது யுனிவர்சல் கம்ப்ரெஷன், மெமரிக்கும் ஜிபியூக்கும் நடுவுல போற டேட்டா மொத்தத்தையும் சுருக்கி பேண்ட்விட்த்தை மிச்சம் பிடிக்கறது. இதெல்லாம் இப்போதைக்கு சிமுலேஷன்லதான் இருக்கு, இன்னும் சில வருஷத்துல வரப்போற ஒரு கன்சோலுக்கு கொண்டு வரணும்னு ஆசைன்னு செர்னி சொன்னாரு. அவ்வளவுதான். பிஎஸ்6ங்கற பேரும் வரல, வருஷமும் வரல. கவனிச்சீங்கன்னா கண்ட்ரோலரைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல.

மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் பக்கம் 2025 ஜூன்ல, அப்போ அதோட பிரசிடென்ட்டா இருந்த சாரா பாண்ட் வந்து ஏஎம்டியோட பல வருஷ ஒப்பந்தம் போட்டிருக்கோம், பழைய கேம் லைப்ரரி எல்லாம் ஓடும், ஒரே ஸ்டோருக்குள்ள உங்களைப் பூட்டி வைக்க மாட்டோம்னு சொன்னாங்க. இதுக்கு மேல ஓடிட்டு இருக்கற ஓரியன், கேனிஸ், மேக்னஸ்ங்கற சிப் பேரு எல்லாம் லீக்தான். ஓரியன் டிவிக்குக் கீழ வைக்கிற பிஎஸ்6ஆம், கேனிஸ் கையில வச்சு ஆடற பிஎஸ்6ஆம், மேக்னஸ் அடுத்த எக்ஸ்பாக்ஸாம். "ஆம்"னு முடியற எதுக்கும் காசை ஒதுக்கி வைக்கிறது எனக்கு சரியாப் படல.

லீக்னு சொன்னதும் ஞாபகம் வருது, பழைய கதைகளைக் கொஞ்சம் திருப்பிப் பாக்கணும். 2016 மார்ச்ல, அப்போ நின்டெண்டோ அடுத்த கன்சோலுக்கு என்எக்ஸ்னு கோட்நேம் இருந்த நேரம், முட்டை வடிவத்துல முன்பக்கம் முழுக்க ஸ்க்ரீனா, அந்த ஸ்க்ரீனைத் துளைச்சுக்கிட்டு ரெண்டு ஸ்டிக்கு வெளிய நிக்கிற மாதிரி ஒரு கண்ட்ரோலர் போட்டோ வந்துச்சு, அடுத்த சில நாள்லயே ரெண்டாவதா இன்னொரு போட்டோவும் வந்துச்சு, ரெண்டு வேற வேற ஆள் எடுத்திருக்காங்க அப்போ உண்மையாத்தான் இருக்கணும்னு பாதி உலகம் நம்பிடுச்சு. ரெண்டுமே போலி. செஞ்சவங்களே எப்படி செஞ்சோம்னு வெளிய வந்து காட்டினாங்க. அவங்க அதைச் சும்மா கற்பனைல செய்யல, நின்டெண்டோவோட ஒரு நிஜமான பேட்டன்ட் படத்தைப் பாத்துதான் செஞ்சாங்க, அதனாலதான் எல்லாரும் ஏமாந்தாங்க. கடைசில அந்தக் கன்சோல் ஸ்விட்ச்ங்கற பேர்ல வந்துச்சு, அதோட வந்தது ரெண்டு பக்கமும் கழட்டி மாட்டற ஜாய்-கான் கண்ட்ரோலர்.

அதனால "சோனி பேட்டன்ட் எடுத்திருக்கு"ன்னு யாராவது ஆரம்பிச்சா கொஞ்சம் நிதானமா கேளுங்க. வாழைப்பழம் மாதிரி சாதாரணப் பொருளை கேமரா வழியா கண்ட்ரோலரா மாத்தறதுக்குக்கூட சோனி பேட்டன்ட் விண்ணப்பம் போட்டிருக்கு, 2021ல அது செய்தியாவும் வந்துச்சு. பிஎஸ்5 கூட வாழைப்பழம் வரல.

சரியான லீக்கும் நம்மைக் கவுத்துடும், அதுதான் இன்னும் வேடிக்கை. 2019ல வி வடிவத்துல ஒரு பெட்டியோட பேட்டன்ட் படம் வந்து அதுதான் பிஎஸ்5ன்னு ஊரே பேசுச்சு, அது நிஜமாவே சோனியோட பெட்டிதான், ஆனா கேம் செய்யற டெவலப்பர்களுக்குக் கொடுக்கிற டெவ்கிட், கடைக்கு வர்றது இல்ல. 2023 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட் மேல அமெரிக்க அரசோட வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி போட்ட வழக்குல கோர்ட் ஆவணங்கள் தெரியாத்தனமா வெளிய வந்துச்சு, அதுல செபில்னு ஒரு புது எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர், கையில எடுத்தாலே ஆன் ஆகும், துல்லியமான ஹாப்டிக்ஸ் (கையில உணர்ற நுணுக்கமான அதிர்வு), கழட்டி மாத்தற பேட்டரி, கழட்டி மாத்தற ஸ்டிக்னு எல்லாம் போட்டு 2024ல வருதுன்னு தேதி முதக்கொண்டு இருந்துச்சு. கம்பெனியோட சொந்த ஆவணம், இதைவிட நல்ல லீக் வேணுமா. 2024ல என்ன வந்துச்சு? டிஸ்க் இல்லாத வெள்ளை சீரீஸ் எக்ஸ், கூடவே அதே பழைய கண்ட்ரோலர். கம்பெனியே மேடையேறிக் காட்டினது மாறின கதையும் இருக்கு, 2005ல இ3ங்கற கேம் கண்காட்சில பிஎஸ்3யோட பூமராங் வடிவ கண்ட்ரோலரைக் காட்டினாங்க, அடுத்த வருஷம் அது காணாமப் போய் சிக்ஸ்ஆக்சிஸ் வந்துச்சு, அதுலயும் வைப்ரேஷன் இல்ல, வைப்ரேஷனோட டூயல்ஷாக் 3 வர 2007 நவம்பர் ஆச்சு.

இதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொரு வழியா பாப்போம்.

சாதா பிஎஸ்5 இப்போ வாங்கறது. இதுக்கு எதிரா எல்லாரும் சொல்ற ஒரே வாதம் "இன்னும் ரெண்டு வருஷத்துல பழசாயிடும், அதுக்குள்ள விலையும் குறையும்"ங்கறது. ரெண்டு பாதியையும் தனித்தனியா பாருங்க. விலை குறையும்ங்கறது பழைய காலத்துப் பழக்கம். பிஎஸ்3 அமெரிக்காவுல 2006ல பெரிய மாடல் 599 டாலருக்கு வந்துச்சு, மூணே வருஷத்துல ஸ்லிம் 299. பிஎஸ்5 அதே அமெரிக்காவுல 2020ல 499, 2025 ஆகஸ்ட்ல 549. அஞ்சு வருஷம் கழிச்சு ஏறியிருக்கு! 2017ல வந்த முதல் ஸ்விட்ச்சுக்குக்கூட 2025ல அங்க விலையை ஏத்தினாங்க. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் ஒரே வருஷத்துல ரெண்டு தடவை ஏறுச்சு. வருஷா வருஷம் சிப்பைச் சின்னதாக்கி செலவைக் குறைக்கிற பழைய வித்தை இப்போ முன்ன மாதிரி பலிக்கல, வரி வேற, போதாததுக்கு 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டருங்க மெமரியை அள்ளிட்டுப் போறதுல ரேம் விலை எகிறிப் போச்சு. ஆக, குறையட்டும்னு காத்திருக்கறது இலவு காத்த கிளி கதையா முடிய நிறைய வாய்ப்பு இருக்கு.

பழசாயிடும்ங்கற பாதிக்கு வருவோம். பிஎஸ்5 வந்து ரெண்டு வருஷம் கழிச்சு, 2022 நவம்பர்ல வந்த காட் ஆஃப் வார் ராக்னராக் பிஎஸ்4லயும் ஓடுச்சு. ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட், கிரான் டூரிஸ்மோ 7 எல்லாமே அப்படித்தான். கால் ஆஃப் டியூட்டி பிளாக் ஆப்ஸ் 7, 2025 நவம்பர்ல வந்தது, அதுவும் பிஎஸ்4ல இருக்கு, 2013ல வந்த பெட்டிக்கு 12 வருஷம் கழிச்சு கேம் வந்துட்டு இருக்கு! பிஎஸ்6 ஒருவேளை 2027லயே வந்தாலும் முதல் ரெண்டு மூணு வருஷம் பெரும்பாலான கேம் பிஎஸ்5லயும் வரும்னு நான் தைரியமா பந்தயம் கட்டுவேன். 2025 செப்டம்பர் வரைக்கும் 8.4 கோடி பிஎஸ்5 வித்திருக்கு, அத்தனை பேரை விட்டுட்டு புதுப் பெட்டிக்கு மட்டும் கேம் செய்யற தைரியம் எந்தப் பெரிய பப்ளிஷருக்கும் வராது. ஜிடிஏ 6 ரெண்டு தடவை தள்ளிப் போய் நவம்பர் 19, 2026னு தேதி சொல்லியிருக்காங்க, அதுவும் பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும்தான் அறிவிச்சிருக்கு.

பிஎஸ்5 ப்ரோ. இதை சுருக்கமா முடிச்சுடறேன். ஜிபியூல 67 சதவீதம் அதிக கம்ப்யூட் யூனிட், மெமரி 28 சதவீதம் வேகம், பிஎஸ்எஸ்ஆர்னு ஏஐ வச்சுப் படத்தைப் பெருசாக்கித் தெளிவாக்கற அப்ஸ்கேலிங், 2 டிபி எஸ்எஸ்டி, எல்லாம் நல்லாதான் இருக்கு, ஆனா கேமோட மத்த கணக்கைப் போடற சிபியூ கிட்டத்தட்ட அதே பழசு. அதனால படம் தெளிவாகும், சிபியூ திணறுற கேம்ல ஃப்ரேம் ரேட் மட்டும் நீங்க நினைக்கிற அளவுக்கு ஏறாது. டிஸ்க் டிரைவ் தனியா வாங்கணும். பெரிய 4கே டிவி இருக்கு, அதுக்குப் பக்கத்துலயே உக்காந்து ஆடுவீங்க, பழைய பிஎஸ்5ஐ நல்ல விலைக்குத் தள்ளிவிட ஆளும் இருக்குன்னா சரி. மத்தபடி அடுத்த தலைமுறை இவ்வளவு கிட்ட வந்துட்டப்புறம் ப்ரோவுக்குப் போடற அதிகப்படி காசை பிஎஸ்6க்கு எடுத்து வைக்கிறதுதான் புத்திசாலித்தனம். ப்ரோ வச்சிருக்கறவங்க கோச்சுக்காதீங்க.

பொறுக்கறது. இதுல ஒரு கணக்கை நிறைய பேர் விட்டுடறாங்க. பிஎஸ்6 எப்போ வருதோ அதுவரைக்கும் மட்டும் காத்திருந்தா போதும்னு நினைக்கிறாங்க, நிஜத்துல அதுக்கு மேல ஒரு வருஷமாவது சேர்த்துக்கணும். பிஎஸ்5 முதல் நாள் வாங்கினவங்களுக்கு கூடுதல் ஸ்டோரேஜ் மாட்ட உள்ள இருக்கற எஸ்எஸ்டி ஸ்லாட் 2021 செப்டம்பர் அப்டேட் வரைக்கும் வேலை செய்யாம சும்மா இருந்துச்சு, டிவியையும் கேமையும் ஒரே வேகத்துல ஓட வைக்கிற விஆர்ஆர் வர 2022 ஏப்ரல் ஆச்சு. கிடைக்கவே கிடைக்காம 2022 முழுக்க ஜனங்க அலைஞ்சதை யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அந்தப் பெட்டிக்குன்னே செஞ்ச கேம்னு பாத்தா முதல் நாள் டீமன்ஸ் சோல்ஸ் ரீமேக், பெட்டியோடவே வந்த ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூம், அப்புறம் 2021 ஏப்ரல்ல ரிட்டர்னல், ஜூன்ல ராட்செட் அண்ட் க்ளாங்க். முதல் வருஷம் பேர் சொல்ற மாதிரி கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால 2027ன்னு வச்சுக்கிட்டாலும் உங்க நிஜமான காத்திருப்பு 2028 கடைசி வரைக்கும் போகும், அதுவும் எல்லாம் நேரத்துக்கு நடந்தா.

காத்திருக்கறவங்க கடிகாரத்தை எப்போ ஓட விடணும்னு ஒரு வழி இருக்கு, அது எனக்குப் பிடிச்ச வழி. பிஎஸ்5 பத்தி சோனி முதல்முதல்ல பேசினது 2019 ஏப்ரல், அதோட கண்ட்ரோலரான டூயல்சென்ஸ் படத்தைக் காட்டினது 2020 ஏப்ரல் 7, கடைக்கு வந்தது 2020 நவம்பர் 12. கண்ட்ரோலரைக் காட்டி ஏழு மாசத்துல பெட்டி வந்துடுச்சு. முதல் ஸ்விட்ச் ஜாய்-கானோட சேர்ந்து 2016 அக்டோபர்ல தெரிஞ்சுச்சு, 2017 மார்ச்ல வந்துடுச்சு. ஸ்விட்ச் 2, 2025 ஜனவரி 16ல காட்டி ஜூன் 5ல வித்தாங்க. பிஎஸ்3 பூமராங் ஒரு விதிவிலக்கு, அதுக்குப் பிறகு இந்த உதாரணங்கள்ல எல்லாம் கண்ட்ரோலர் அதிகாரபூர்வமா தெரிஞ்சுட்டா வருஷத்துக்குள்ள வந்துருச்சு. கம்பெனி கண்ட்ரோலரைக் காட்டற வரைக்கும் நீங்க காத்திருக்கறதுக்கு முடிவு தேதியே கிடையாது, அந்த நேரத்துல வாங்கி ஆடுங்க. காட்டினதுக்கப்புறம் பழைய பெட்டியை வாங்காதீங்க.

இப்போ கண்ட்ரோலர். ரசிகர்கள் ஆசைப்படற லிஸ்ட் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், பின் பட்டன், தேயாத ஸ்டிக், நல்ல பேட்டரி, அப்புறம் யாரும் இதுவரைக்கும் பாக்காத ஏதோ ஒரு புது அதிசயம். இதுல முதல் மூணும் உங்க காசைக் காப்பாத்தும், நாலாவது உங்க காசைக் கரைக்கும். இதை யாரும் சொல்றதில்லைங்கறதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஏன்னு கேளுங்க. பிஎஸ்5ல பிஎஸ்4 கண்ட்ரோலரான டூயல்ஷாக் 4ஐ கனெக்ட் பண்ணலாம், ஆனா பிஎஸ்4 கேம் மட்டும்தான் ஆட முடியும், பிஎஸ்5 கேம் ஆட முடியாது. பட்டன் எல்லாம் அதேதான், டச்பேட் இருக்கு, ஸ்டிக் இருக்கு, எல்லாம் இருந்தும் முடியாது. சோனி சொன்ன காரணம் பிஎஸ்5 கேமுங்க புது கண்ட்ரோலரோட ஹாப்டிக்ஸையும் கேமுக்கு ஏத்த மாதிரி இறுகற அடாப்டிவ் ட்ரிக்கரையும் முழுசா பயன்படுத்தணும்ங்கறது. அப்போ எக்ஸ்பாக்ஸ்ல என்ன நடந்துச்சு? எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு வாங்கின கண்ட்ரோலர் சீரீஸ் எக்ஸ்ல எல்லா கேமுக்கும் வேலை செய்யுது, ஏன்னா அங்க புதுசா சேர்த்தது ஒரு ஷேர் பட்டன் மாதிரி சின்னச் சின்ன விஷயம்தான். ஸ்விட்ச் 2ல பழைய ஜாய்-கானும் பழைய ப்ரோ கண்ட்ரோலரும் வயர்லெஸ்ஸா சேரும், மவுஸ் மாதிரி நகத்தற வேலைக்கும் ஆன்லைன்ல பேசறதுக்கான சி பட்டனுக்கும் மட்டும்தான் புதுசு வேணும். ஆக, புது அதிசயம் பெருசா இருந்தா பழைய கண்ட்ரோலரை ஒதுக்கி வைக்க கம்பெனிக்கு நல்ல சாக்கு கிடைக்கும், அதிசயம் சின்னதா இருந்தா பழசு தப்பிக்கும். பிஎஸ்6 கண்ட்ரோலர்ல சூடு, குளிர்ச்சி எல்லாம் தெரியணும், கையில அழுத்தினா அமுங்கணும்னு கனவு காணறவங்க, வீட்ல ரெண்டு மூணு டூயல்சென்ஸ் வச்சுக்கிட்டேதான் அந்தக் கனவையும் காணறாங்க.

அப்போ எது நடக்கும்? என் ஊகம், பிஎஸ்6 கண்ட்ரோலர் டூயல்சென்ஸோட தம்பியா இருக்கும், வேற சாதியா இருக்காது. இதுக்குக் காரணம் கையில வச்சு ஆடற பிஎஸ்6னு சொல்ற அந்தக் கேனிஸ் வதந்தி. 2025ல சோனி பிஎஸ்5க்கு பவர் சேவர்னு ஒரு மோட் கொண்டு வந்துச்சு, அதை ஆதரிக்கிற டெவலப்பருங்க கேமை கம்மி கரண்ட்ல, கம்மி வேகத்துல ஓட வைக்கலாம். சுவத்துல பிளக் சொருகின பெட்டிக்கு இது எதுக்குடான்னு யோசிச்ச ரசிகர்கள் கையடக்க மெஷின் வரப்போறதுக்கு ஒத்திகைன்னு சொல்றாங்க, சோனி சொன்ன காரணம் கரண்ட் மிச்சம்தான், இருந்தாலும் ரசிகர்கள் ஊகத்துல அர்த்தம் இருக்கறதா எனக்குப் படுது. கையடக்க மெஷின் ஒண்ணு கூட வரணும்னா டிவிக்கு முன்னாடி பிடிக்கிற கண்ட்ரோலர்ல இருக்கறதெல்லாம் அதுலயும் இருந்தாகணும், இல்லன்னா ஒரே கேமை ரெண்டு விதமா செய்யணும். 2023 நவம்பர்ல வந்த, பிஎஸ்5 கேமை வைஃபை வழியா கையில வச்சு ஆடற பிளேஸ்டேஷன் போர்டல்ல ஹாப்டிக்ஸையும் அடாப்டிவ் ட்ரிக்கரையும் அடக்கிக் காட்டிட்டாங்க, டச்பேட் மட்டும் போய் டச்ஸ்க்ரீன் வந்துச்சு. அதுக்கு மேல விசித்திரமா எதையாவது சேர்த்தா கையடக்க மெஷின்ல எங்க வைப்பாங்க? அதனால பெரிய அதிசயம் வராது, டூயல்சென்ஸ் பிஎஸ்6லயும் ஓட நல்ல வாய்ப்பு இருக்குன்னு நினைக்கிறேன். ஊகம்தான், ஆனா கையில இருக்கற தடயத்தை வச்சுப் போட்ட ஊகம்.

டூயல்சென்ஸோட அதிசயத்தையே எத்தனை பேர் பயன்படுத்தினாங்கன்னும் பாக்கணும். ரிட்டர்னல்ல இடது ட்ரிக்கரான எல்2வை பாதி அழுத்தினா குறி பாக்கும், முழுசா அழுத்தினா வேற தாக்குதல், நடுவுல ட்ரிக்கர் ஒரு தடுப்பு மாதிரி நிக்கும், அது அருமை. ஆனா எல்லா மெஷின்லயும் வர்ற கேம்ல துப்பாக்கி கொஞ்சம் இறுக்கமா இருக்கும், அதோட சரி. ஆன்லைன்ல சீரியஸா ஷூட்டர் ஆடறவங்க முதல் வேலையா செட்டிங்ஸ்ல போய் அதை ஆஃப் பண்ணிடறாங்க, விரல் லேட்டாகுதுன்னு. சோனிக்கும் இது தெரியாம இருக்காது.

ஸ்டிக் விஷயத்துக்கு வந்தா இங்கதான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். டூயல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர், ஜாய்-கான் எல்லாத்துலயும் இருக்கறது பொட்டன்ஷியோமீட்டர், அதாவது ஒரு சின்ன முனை கார்பன் பட்டை மேல உரசிக்கிட்டே நகரும், உரச உரச பட்டை தேயும், ஒரு நாள் நீங்க தொடாமலே ஆளு தானா நடக்க ஆரம்பிப்பான், அதுதான் ட்ரிஃப்ட். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்ல காந்தமும் சென்சாரும் தொட்டுக்காது, அதனால அங்க தேய ஒண்ணுமில்ல. புதுக் கண்டுபிடிப்பும் இல்ல, சேகா சாட்டர்னோட 3டி கண்ட்ரோலர்லயும் ட்ரீம்காஸ்ட்லயும் 90கள்லயே இருந்துச்சு. ஹால் எஃபெக்ட் கொஞ்சம் அதிகமா பேட்டரி குடிக்கும், டிஎம்ஆர்னு இப்போ வர்ற காந்த சென்சார் அந்தக் குறையையும் தீர்க்குது. ஸ்டீம்ங்கற பிசி கேம் கடையை நடத்தற வால்வ் 2025 நவம்பர்ல அறிவிச்ச புது ஸ்டீம் கண்ட்ரோலர்ல டிஎம்ஆர் போட்டாச்சு. ஸ்விட்ச் 2க்கு வரும்னு எல்லாரும் நம்பினாங்க, ஹால் எஃபெக்ட் இல்லன்னு நின்டெண்டோவே சொல்லிடுச்சு. பிஎஸ்6ல வருமா? வரணும், ஆனா 2020ல பின் பட்டன் கதை ஞாபகம் இருக்கட்டும், டூயல்ஷாக் 4க்கு பின்னாடி மாட்டற பட்டன் அட்டாச்மென்ட்டை 2020 ஜனவரில வித்தாங்க, அப்போ டூயல்சென்ஸ்ல கண்டிப்பா இருக்கும்னு எல்லாரும் சத்தியம் பண்ணாங்க, மூணு மாசத்துல கண்ட்ரோலரைக் காட்டினப்போ பின்பக்கம் வெறுமையா இருந்துச்சு. அப்புறம் அதே பட்டனை 2023ல டூயல்சென்ஸ் எட்ஜ்ல வச்சு 199 டாலர்னாங்க. நல்ல விஷயத்தை சாதா கண்ட்ரோலர்ல குடுக்காம காஸ்ட்லி மாடலுக்கு ஒதுக்கி வைக்கிற பழக்கம் இருக்கறவரைக்கும் காந்த ஸ்டிக்கும் எட்ஜ் 2ல போய் உக்காரும்னுதான் எனக்குத் தோணுது. பேட்டரியாவது ஏறும்னு நம்பலாம், டூயல்ஷாக் 4ல 1000 எம்ஏஎச், டூயல்சென்ஸ்ல 1560, ஏறுற பழக்கம் அங்க இருக்கு. எட்ஜ்ல மட்டும் 1050தான், காசு கூட வாங்கிட்டு பேட்டரியைக் குறைச்சது என்ன நியாயமோ.

மத்த வழிங்க பத்தி. ஸ்விட்ச் 2 இந்தப் போட்டிலயே இல்ல, நின்டெண்டோ கேம் வேணும்னா அதை வாங்கியே ஆகணும், வேண்டாம்னா வேண்டாம். அடுத்த எக்ஸ்பாக்ஸ் கிட்டத்தட்ட பிசி மாதிரி ஆகும்னு வர்ற வதந்தி உண்மைன்னா அதுவும் வால்வோட ஸ்டீம் மெஷினும் ஒரே ஆளுங்களைத்தான் குறி வைக்கும், ஸ்டீம்ல ஏற்கனவே நூறு கேம் வச்சிருக்கறவங்களை. நீங்க அப்படின்னா பிஎஸ்6க்குக் காத்திருக்கறதைவிட அந்தப் பக்கம் பாக்கறது லாபம், கண்ட்ரோலர் விஷயத்துலயும்தான், பிசில எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர், டூயல்சென்ஸ், பழைய டூயல்ஷாக் எல்லாமே ஓடும், அடுத்த தலைமுறைன்னு சொல்லி எதையும் தூக்கிப் போட வேண்டியதில்ல.

சரி, யாரு எதை வாங்கறது? பிஎஸ்4 வச்சுக்கிட்டு, இல்ல எதுவுமே இல்லாம இருக்கறவங்க சாதா பிஎஸ்5 வாங்கிடுங்க, டிஸ்க் வச்ச மாடலா வாங்குங்க, பழைய பிஎஸ்4 டிஸ்க் கிட்டத்தட்ட எல்லாம் ஓடும், ஆடி முடிச்ச டிஸ்க்கை விக்கலாம். ஏற்கனவே பிஎஸ்5 இருக்கறவங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், ப்ரோவும் வேண்டாம். பிசில நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கறவங்க மட்டும்தான் நிஜமா நிம்மதியா பிஎஸ்6க்குக் காத்திருக்கலாம், சோனி கேமுங்க பாதி லேட்டானாலும் அங்க வந்துருச்சு.

கண்ட்ரோலர் வாங்கறதுல, ரெண்டாவதா ஒண்ணு வேணும்னா சாதா டூயல்சென்ஸ் போதும். பிஎஸ்6ல ஓடலைன்னாலும் பிசில ஓடும், வயர்ல சொருகினா ஆதரிக்கிற கேம்ல ட்ரிக்கரும் வேலை செய்யும். எட்ஜ் இப்போ வாங்காதீங்க, தலைமுறையோட கடைசில அந்த விலை போட்டு ஓடுமா ஓடாதான்னு தெரியாத கண்ட்ரோலரை வாங்கறதுக்கு ஸ்டிக் மாட்யூல் கழட்டி மாத்தலாம்ங்கறது மட்டும் போதாது, மாத்தற மாட்யூலும் அதே தேயற வகைதான். பின் பட்டனும் காந்த ஸ்டிக்கும் இல்லாம முடியாதுன்னா லைசென்ஸ் வாங்கின மத்த கம்பெனி கண்ட்ரோலரைப் பாருங்க, ஆனா அதுல பெரும்பாலும் அடாப்டிவ் ட்ரிக்கர் இருக்காது, டப்பால என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு வாங்குங்க. ரேசிங் வீல், ஆர்கேட் ஸ்டிக் மாதிரி பெரிய சாமான் வாங்கணும்னு இருந்தீங்கன்னா அதுக்குப் பயப்பட வேண்டாம், பிஎஸ்4க்கு லைசென்ஸ் வாங்கின வீலும் ஆர்கேட் ஸ்டிக்கும் ஆதரிக்கிற பிஎஸ்5 கேமுங்கள்ல ஓட சோனி விட்டுச்சு, டூயல்ஷாக் 4க்குப் போட்ட தடையை இதுங்களுக்குப் போடல, அடுத்த தடவையும் அதையே செய்வாங்கன்னு எதிர்பாக்கலாம்.